பிரேக் பிடிக்கவில்லையா, மிதிக்கவே இல்லையா?

விபத்து நடந்ததும் முதலில் காதில் விழுவது ‘பிரேக் ஃபெயிலியர்’. அது உண்மையா, சாக்கா? வெளிநாடுகளில் இதை எப்படித் துப்புத் துலக்குகிறார்கள், நம்மூரில் என்ன நடக்கிறது? ஓர் அலசல்.

2024 ஜூலை 1, இரவு ஒன்பதரை மணி இருக்கும். தென்கொரியத் தலைநகர் சியோலில், ஒரு ஹோட்டலின் கார் நிறுத்தத்திலிருந்து கிளம்பிய ஜெனிசிஸ் ஜி80 கார் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் பாய்ந்தது. மாநகராட்சி அலுவலகத்துக்கு அருகே நடைபாதையில் நின்றவர்களை வாரிக்கொண்டு போனது. ஒன்பது பேர் இறந்தார்கள். காரை ஓட்டியவருக்கு 68 வயது. ஸ்டியரிங்குக்குப் புதியவர் அல்ல, பேருந்து ஓட்டுவதே அவர் தொழில். போலீஸிடம் அவர் சொன்னது இதுதான்: பிரேக்கை மிதித்தேன், பெடல் இறுகிக் கிடந்தது, வண்டி தானாக வேகமெடுத்தது.

கொரியாவின் தேசியத் தடய அறிவியல் நிறுவனம் காரைப் பிரித்துப் போட்டது. காருக்குள் இருந்த பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய ஐந்து விநாடிகளை அப்படியே வைத்திருந்தது. அந்த ஐந்து விநாடிகளில் பிரேக் ஒருமுறைகூட மிதிபடவில்லை. ஆக்ஸிலரேட்டரோ ஒரு கட்டத்தில் 99 சதவீதம்வரை அமுங்கியிருந்தது. வேகம் மணிக்கு 107 கிலோமீட்டரைத் தொட்டிருந்தது. கண்காணிப்பு கேமராக் காட்சிகளும் இதற்கு ஒத்துப்போயின. கார் பாய்ந்து செல்லும்போது பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை.

கருவியை நம்ப மாட்டேன் என்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் இருந்தது. ஓட்டியவரின் வலதுகால் ஷூ. அதன் அடிப்பாகத்தில் ஒரு பெடலின் வரிவடிவம் அச்சாகப் பதிந்திருந்தது. மோதிய கணத்தில் கால் எதை அழுத்திக்கொண்டிருந்ததோ அதன் அச்சு. பிரேக் பெடலோடு வைத்துப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஆக்ஸிலரேட்டரோடு பொருந்தியது.

2025 பிப்ரவரியில் அவருக்கு ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஐந்து ஆண்டாகக் குறைத்தது.

அவர் பொய் சொன்னார் என்று முடிவுகட்ட வேண்டியதில்லை. கால் தப்பான பெடலில் இருக்கும்போது, அதைப் பிரேக் என்றே மூளை நம்புகிறது. வண்டி நிற்காததால் இன்னும் ஓங்கி மிதிக்கத் தோன்றும். வண்டி இன்னும் சீறும். கடைசிவரை அமுங்கிவிட்ட ஆக்ஸிலரேட்டரும் காலுக்கு ‘இறுகிக் கிடப்பதாக’த்தான் படும். ஓட்டியவர் முழு நம்பிக்கையோடு சொல்வதாலேயே ஒரு விஷயம் நடந்ததாகிவிடாது என்பதுதான் சியோல் தரும் பாடம்.

மிதித்தும் நிற்காத கார்

இதற்கு நேர் எதிரான வழக்கும் இருக்கிறது. 2009 ஆகஸ்ட் 28, அமெரிக்காவின் சான் டியாகோவுக்கு அருகே சாண்ட்டீ. கலிஃபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி ஒருவர், விடுமுறை நாளில் குடும்பத்தோடு லெக்ஸஸ் இஎஸ் 350 காரில் போகிறார். அது அவருடைய கார் அல்ல. தன் காரை சர்வீஸுக்கு விட்டிருந்ததால் டீலர் தற்காலிகமாகக் கொடுத்தது. கார் நிற்க மறுக்கிறது. உள்ளே இருந்தவர்கள் அவசர எண்ணை அழைத்து, பிரேக் இல்லை என்று கதறுகிறார்கள். நால்வரும் இறந்துபோனார்கள்.

நெடுஞ்சாலைக் காவலிலேயே இருந்தவர் பெடலை மாற்றி மிதித்திருப்பாரா? இல்லை. அந்தக் காரின் பிரேக் பட்டைகள் உருகும் அளவுக்குத் தேய்ந்திருந்தன, டிஸ்க்குகள் வெந்து நிறம் மாறியிருந்தன. மனிதர் பிரேக்கோடு கடைசிவரை போராடியிருக்கிறார். குற்றவாளி வேறிடத்தில் இருந்தது: வேறு மாடல் காருக்கான தடித்த ரப்பர் விரிப்பு. அது ஆக்ஸிலரேட்டரின் மேல் ஏறி, அதை எழவிடாமல் பிடித்துக்கொண்டது. சில நாள்களுக்கு முன் அதே காரை வாங்கிப்போன இன்னொரு வாடிக்கையாளருக்கும் அதே தொல்லை நேர்ந்திருக்கிறது.

விரிப்பு ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துக்கொண்டால் பிரேக் ஏன் தோற்க வேண்டும்? பெட்ரோல் கார்களில் நம் காலின் அழுத்தத்தைப் பல மடங்காக்குவது பிரேக் பூஸ்டர். அது எஞ்சின் உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடத்தில் வேலை செய்கிறது. எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது அந்த வெற்றிடம் கிடைக்காது. சேமிப்பில் இருப்பது ஓரிரு முறை மிதிப்பதற்கே காணும். விட்டு விட்டு மிதித்தால் அதுவும் காலி. அதன்பின் எஞ்சினின் முழு பலத்தை வெறும் கால் பலத்தால் அடக்க வேண்டியிருக்கும்.

இந்த விபத்துக்குப் பிறகு டொயோட்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்பப் பெற்றது. மின்னணுக் கோளாறு இருக்குமோ என்ற சந்தேகத்தில் அமெரிக்க அரசு நாசாவின் பொறியாளர்களையே இறக்கியது. தானாக வேகமெடுக்க வைக்கும் மின்னணுக் கோளாறு எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று 2011 பிப்ரவரியில் அவர்கள் அறிக்கை தந்தார்கள். ஆனாலும் விரிப்பிலும் ஒட்டிக்கொள்ளும் பெடலிலும் இருந்த ஆபத்தைப் பற்றி வாடிக்கையாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காக, 2014-ல் 120 கோடி டாலர் கட்ட டொயோட்டா ஒப்புக்கொண்டது.

மூன்று கேள்விகள்

சியோல், சாண்ட்டீ இரண்டிலும் ஒரே குரல்தான் கேட்டது: பிரேக் பிடிக்கவில்லை. ஒன்றில் பிரேக் மிதிபடவே இல்லை. மற்றதில் மிதித்தும் பலனில்லை. அதனால் துப்புத் துலக்குபவர்கள் ‘பிரேக் ஃபெயிலியரா’ என்று ஒற்றைக் கேள்வியோடு நிற்பதில்லை. மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள். பிரேக்கில் பழுது இருந்ததா? பிரேக் மிதிக்கப்பட்டதா? மிதித்திருந்தாலும் அந்த வேகத்தில், அந்த எடையில், அந்த இடைவெளியில் அது போதுமானதா?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேண்டும். ஆபத்தைக் கண்டு கால் பெடலுக்குப் போகும் ஒன்றரை விநாடியில் 25 மீட்டர் ஏற்கெனவே ஓடியிருக்கும். மொத்தம் 45 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் இது கிட்டத்தட்ட 70 மீட்டராகிவிடும். முன்னால் போகும் வண்டியை 30 மீட்டரில் ஒட்டிக்கொண்டு போனவருக்கு, உலகின் மிகச் சிறந்த பிரேக்கும் ‘பிடிக்காத’ பிரேக்தான்.

முதல் கேள்விக்கு விடை தேடுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. நசுங்கிய வண்டியில் பிரேக் பைப் அறுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறுந்ததால் மோதியதா, மோதியதால் அறுந்ததா? அறுந்த முனையைப் பார்த்தால் தெரியும். பழைய விரிசல் என்றால் அங்கே துருவும் அழுக்கும் ஏறியிருக்கும். மோதலில் கிழிந்தது என்றால் முனை பளிச்சென்றிருக்கும். முன்பே ஒழுகியிருந்தால் சக்கரத்தின் உள்பக்கத்தில் பிரேக் ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கும். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனித் தடங்களாக ஓடுகிறது. ஒன்று ஒழுகினாலும் மற்றது இரு சக்கரங்களையாவது பிடிக்கும். நான்கு சக்கரங்களும் ஒரே நொடியில் கைவிட்டன என்று யாராவது சொன்னால், விசாரிப்பவரின் புருவம் உயர்வது அதனால்தான்.

ஓட்டுநர் பெடலை எப்படி வர்ணிக்கிறார் என்பதும் துப்புதான். ‘பொசுக்கென்று தரையைத் தொட்டது’ என்றால் ஆயில் ஒழுகலையோ பைப்புக்குள் காற்று சேர்ந்ததையோ தேட வேண்டும். ‘இறுகிக் கிடந்தது’ என்றால் பூஸ்டரைப் பார்க்க வேண்டும். ‘மிதித்தால் போகிறது, ஆனால் பிடிப்பில்லை’ என்றால் லைனிங் காந்திப்போயிருக்கலாம்.

மிதித்தாரா என்பதற்கு முன்பெல்லாம் ரோட்டில் கிடக்கும் டயர் தடமே சாட்சி. ஏ.பி.எஸ். வந்தபிறகு சக்கரம் பூட்டிக்கொள்வதில்லை, தடமும் தெளிவாக விழுவதில்லை. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் ஏ.பி.எஸ். கட்டாயம். இன்னொரு பழைய உத்தி, பிரேக் விளக்கின் பல்பைக் கழற்றிப் பார்ப்பது. எரிந்துகொண்டிருந்த பல்பின் இழை சூட்டில் இளகியிருக்கும், மோதும் வேகத்தில் நீண்டு நெளிந்துவிடும். அணைந்திருந்த பல்பின் இழை படக்கென்று முறிந்திருக்கும். எல்.இ.டி. விளக்குகள் வந்து அந்தச் சாட்சியையும் வாயடைத்துவிட்டன. மிச்சமிருப்பது காருக்குள் உள்ள பதிவுக் கருவிதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்பனையாகும் புதிய கார்கள் அனைத்திலும் அது கட்டாயமாகிவிட்டது.

கணவாயில் காணாமல்போகும் சாட்சி

நம் நாட்டில் ‘பிரேக் பிடிக்கலை’ என்ற குரல் அதிகம் கேட்பது மலைச்சாலைகளிலும் கணவாய்களிலும். தர்மபுரி–சேலம் நெடுஞ்சாலையின் தொப்பூர் கணவாய் அதற்குப் பேர்போன இடம். 2024 ஜனவரி 24 அன்று இரட்டைப் பாலத்தில் லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதி நான்கு பேர் இறந்த காட்சியை, கேமரா பதிவாகத் தமிழ்நாடே பார்த்தது.

இறக்கத்தில் நடப்பது என்ன? மொத்தம் 25 டன் எடையுள்ள ஒரு லாரி, 100 மீட்டர் உயரத்தை வேகம் கூடாமல் இறங்குகிறது. அதற்குள் பிரேக்கோ எஞ்சினோ விழுங்க வேண்டிய சக்தி, 80 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்று மூத்த டிரைவர்கள் சொல்லிக்கொடுப்பதன் பொருள், அந்தச் சக்தியில் பெரும்பங்கை எஞ்சினிடம் தள்ளிவிடு என்பதே. டீசலை மிச்சம்பிடிக்க நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக் டிரம்மின் தலையில் விழும். டிரம் சூடேறி விரிந்து, லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் காந்திப்போய்ப் பிடிப்பை இழக்கும். மிதிக்க மிதிக்கப் பெடல் போய்க்கொண்டே இருக்கும், வண்டி மட்டும் நிற்காது.

கார்களில் இதே சூடு பிரேக் ஆயிலைத் தாக்குகிறது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் பைப்புக்குள் ஆவிக் குமிழ் உண்டாகும். மிதிக்கிற பலமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆண்டுக்கணக்கில் ஆயில் மாற்றாத காரில் ஊட்டியிலிருந்தோ கொடைக்கானலிலிருந்தோ பிரேக்கை அழுத்தியபடியே இறங்குபவர்கள் இதைத்தான் விலைக்கு வாங்குகிறார்கள்.

விபத்து நடந்த சில மணி நேரத்தில் டிரம் ஆறிவிடுகிறது, பழைய அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆயிலில் உண்டான ஆவி மறுபடி திரவமாகிவிடுகிறது. மறுநாள் சாவகாசமாக வந்து மிதித்துப் பார்த்தால் பிரேக் அருமையாகப் பிடிக்கும்! ஓட்டுநர் மலையில் கண்டது நிஜம், சோதிக்க வரும் மோட்டார் வாகன ஆய்வாளர் காவல் நிலையத்து வாசலில் காண்பதும் நிஜம். ஆனால் கோப்பில் ஏறுவது இரண்டாவது மட்டும்தான்.

‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ வருகிறார்

மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். விபத்துக்குள்ளான வண்டியைச் சோதிக்க, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 136-வது பிரிவு அதிகாரம் தருகிறது. அதே பிரிவு, எடுத்துச்சென்ற வண்டியை நடைமுறைகள் முடிந்ததும் 24 மணி நேரத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் சொல்கிறது. வண்டி நிலையத்தில் கிடந்து துருப்பிடிக்கக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஆனால், சியோலில் செய்ததுபோல் பிரித்துப் பார்ப்பதற்கு அந்த அவகாசம் எப்படிப் போதும்?

ஆய்வாளர் வெளிச்சேதங்களைக் குறிக்கிறார். கால் பிரேக், கை பிரேக், ஸ்டியரிங், டயர் நிலையைப் பார்க்கிறார். ஓட முடிகிற வண்டியென்றால் ஓட்டிப் பார்க்கிறார். அறிக்கையின் கடைசி வரியில், இந்த விபத்து இயந்திரக் கோளாறால் நேர்ந்ததா இல்லையா என்று எழுத வேண்டும். டிரம்மைக் கழற்றி அது நீலம் பாய்ந்திருக்கிறதா, லைனிங் கண்ணாடிபோல் மின்னுகிறதா, பிரேக் ஆயிலில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது என்றெல்லாம் பார்ப்பது வழக்கமான ஆய்வில் இல்லை. சூட்டில் தோற்ற பிரேக் விட்டுச்செல்லும் தடயங்கள் அவை மட்டுமே.

இந்த ஒற்றை வரியைச் சார்ந்துதான் மீதி எல்லாம் நடக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் அது ஐந்து ஆண்டு. கோளாறு இல்லை என்று ஆய்வாளர் எழுதிவிட்டால், காந்திப்போன லைனிங்கோடு வண்டியை ரோட்டுக்கு அனுப்பிய உரிமையாளர் படத்திலேயே இருக்க மாட்டார். பழி முழுவதும் டிரைவருக்கு. மறுபக்கம், மோதலில் அறுந்த பைப்பை மட்டும் பார்த்து ‘கோளாறு’ என்று எழுதிவிட்டால், நியூட்ரலில் பறந்தவர் தப்பித்துவிடுவார்.

இழப்பீட்டு வழக்கில் சட்டம் இன்னும் தெளிவாகவே இருக்கிறது. இயந்திரக் கோளாறு என்று உரிமையாளர் வாதிட்டால், அது தகுந்த கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாத மறைந்த கோளாறு என்பதை அவரே நிறுவ வேண்டும் என்று மினு பி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977-லேயே சொல்லிவிட்டது. 2001-ல் கௌஷ்னுமா பேகம் வழக்கில், டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப்பால் நேர்ந்த மரணத்துக்கு, ஓட்டியவரின் தவறு நிரூபணமாகாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்றது. ஆகவே ‘பிரேக் ஃபெயிலியர்’ என்பது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கதவடைக்கும் வார்த்தை அல்ல. பராமரிப்பு ரசீதுகளைக் கொண்டுவா என்று உரிமையாளரைக் கேட்கவைக்கும் வார்த்தை.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று தமிழ்நாடு முதலிடம். மத்திய அரசின் அறிக்கைப்படி அந்த ஆண்டின் சாலை மரணங்களில் 71.2 சதவீதத்துக்குக் காரணம் அதிவேகம். அதிவேகம் பெரும் கொலையாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சூட்டில் பிரேக் தோற்று, அதனால் வேகமெடுத்த லாரியும் அதே கட்டத்தில்தான் போய் விழும்.

அமெரிக்காவில் 2005 முதல் 2007 வரை 5,470 விபத்துகளை ஆராய்ந்தார்கள். வாகனத்தின் பழுது முக்கியக் காரணமாக இருந்தவை 2 சதவீதம். அதிலும் பிரேக் தொடர்பானவை 22 சதவீதம் மட்டுமே. அப்படியானால் பிரேக் பழுது அபூர்வம்தானே? ஆம், ஆனால் பெரும்பாலும் வெளிப்பார்வையில் தெரிந்த பழுதுகளை வைத்தே வாகனக் காரணங்கள் குறிக்கப்பட்டன என்று அந்த ஆய்வே சொல்கிறது. பிரித்துப் பார்க்காமல் எண்ணிய எண்ணிக்கை அது.

என்ன செய்யலாம்?

விபத்து விவரங்களைச் செயலியில் ஏற்றும் முறை நாடு முழுக்க வந்துவிட்டது. அதை வடிவமைத்ததே சென்னை ஐ.ஐ.டி.தான். போலீஸ், போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை எல்லாம் ஒரே பதிவில் சந்திக்கின்றன. அதில் ‘இயந்திரக் கோளாறு உண்டா, இல்லையா’ என்ற கேள்வியை மூன்றாக உடைத்துக் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. உயிர்ச்சேதம் நேர்ந்து, ஓட்டுநரும் பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லும் வழக்குகளிலாவது, சக்கரத்தைக் கழற்றிப் படமெடுத்து, பிரேக் ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கலாம். அதற்காக 24 மணி நேர வரம்பைத் தளர்த்த வேண்டும் என்றால் தளர்த்தலாம். பழுதான வாகனங்களைத் திரும்பப் பெற ஆணையிடும் அதிகாரம் 2021 ஏப்ரல் முதல் மத்திய அரசிடம் நடைமுறையில் இருக்கிறது. ஒரே மாடலில் திரும்பத் திரும்ப வரும் பிரேக் குறை அந்த மேசைக்குப் போய்ச்சேர வேண்டும் என்றால், கீழே யாராவது அதை ஒழுங்காக எழுதியிருக்க வேண்டும்.

விபத்தில் சிக்கியவர்கள் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்வாளரிடம் மனு கொடுத்து டிரம்மையும் லைனிங்கையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். அவர் பார்த்தாலும் மறுத்தாலும் அது கோப்பில் ஏறும். நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.

பெட்டிச் செய்தி: கைவிட்டால் என்ன செய்வது?

ஓடும்போது:
• பெடல் தரையைத் தொட்டால் வேகவேகமாக விட்டு விட்டு மிதியுங்கள். இறுகிக் கிடந்தால் விடாமல், முழு பலத்தோடு அழுத்துங்கள்.
• கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கை பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல் சிறிது சிறிதாக ஏற்றுங்கள்.
• வண்டி தானாகப் பாய்ந்தால், உடனே நியூட்ரலுக்கு மாற்றுங்கள். சாவியைப் பிடுங்காதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம்.

விபத்துக்குப் பிறகு:
• பெடல்கள், தரைவிரிப்பு, சக்கரங்களின் உள்பக்கம், ரோட்டில் விழுந்த தடம் அல்லது ஆயில் கறை ஆகியவற்றைப் படமெடுங்கள்.
• பெடலை மிதித்தபோது எப்படி இருந்தது என்பதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள்.
• கடைசி சர்வீஸ் ரசீதையும் பிரேக் ஆயில் மாற்றிய தேதியையும் எடுத்து வையுங்கள்.
• விசாரணை முடியும்வரை வண்டியை மெக்கானிக் ஷெட்டில் பிரிக்க விடாதீர்கள்.